மோட்டாரை வீட்டுச் சுவரிலிருந்தே இயக்கும் தொடுதிரை: பதிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

வீடு ஓர் இடம், கிணறு ஓர் இடம் என்பதே சிறு விவசாயிகள் பலருடைய நிலை. மும்முனை மின்சாரம் இரவில் வரும் ஊர்களில், மோட்டார் போடுவதற்காகவே நடு இரவில் எழுந்து டார்ச் விளக்குடன் வரப்பில் நடந்து போக வேண்டியிருக்கிறது. வழியில் பாம்பு பயம். மோட்டார் அறையில் ஈரத் தரை, ஈரக் கை. இவ்வளவையும் கடந்து போன பிறகு மின்சாரம் நின்றுவிட்டால் நடந்த நடையும் வீண்.

இந்த நடையைக் குறைக்க இப்போது வழி இருக்கிறது. வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு தொடுதிரையைப் பதித்து, கிணற்று மோட்டார், மாட்டுத் தொழுவ விளக்கு, மேல்நிலைத் தொட்டி மோட்டார் ஆகியவற்றை அதிலிருந்தே இயக்கலாம். கைபேசியிலும் இந்த வேலையைச் செய்யலாம் என்றாலும், கைபேசி ஒருவருடைய சட்டைப் பையில் வெளியே போய்விடும். சுவரில் உள்ள திரை வீட்டில் இருப்பவர் எல்லோருக்கும் பொது. விவசாயி சந்தைக்குப் போயிருந்தாலும் வீட்டில் உள்ள பெண்கள் மோட்டாரை நிறுத்த முடியும்.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் கொள்ள வேண்டும். திரை கட்டளை இடும், காப்பாற்றாது. மோட்டாரையும் ஆளையும் காப்பவை மோட்டார் அறையில் உள்ள ஸ்டார்ட்டரும் மெயின் சுவிட்சும்தான். ஆகவே வேலையை வீட்டுச் சுவரில் தொடங்காமல் மோட்டார் அறையில் தொடங்குவதே முறை.

மூன்று பகுதிகள்

இந்த அமைப்பில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, வீட்டுச் சுவரில் உள்ள திரை. சாதாரண டேப்லட் இதற்குப் போதும். பிள்ளைகள் படித்து முடித்து ஒதுக்கி வைத்த டேப்லட் நல்ல நிலையில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இரண்டாவது, செய்தியைக் கொண்டு செல்லும் வழி. அது வீட்டில் உள்ள வை-ஃபை ரூட்டராகவோ, சிம் கார்டாகவோ இருக்கும். மூன்றாவது, மோட்டார் அறையில் ஸ்டார்ட்டருடன் சேர்த்துப் பொருத்தும் இயக்குக் கருவி.

மோட்டார் அறையில் செய்ய வேண்டியவை

வீட்டு விளக்குக்கும் மின் விசிறிக்கும் விற்கப்படும் ஸ்மார்ட் சுவிட்சைக் கொண்டு மும்முனை மோட்டாரை நேராக இயக்கக் கூடாது. 5 குதிரைத் திறன் மும்முனை மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 7 முதல் 8 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் நொடியில் அதைப்போல் 6 மடங்கு வரை இழுக்கும். சிறிய சுவிட்ச் இதைத் தாங்காது; அதன் உள்ளே இருக்கும் முனைகள் ஒட்டிக்கொண்டால் மோட்டாரை நிறுத்தவே முடியாமல் போகும்.

சரியான முறை இதுதான்: மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டரே தாங்க வேண்டும். புதிய கருவி அந்தக் கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்க வேண்டும். அதாவது பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் விரலுக்குப் பதிலாக அது அழுத்துகிறது. சில ஸ்டார்ட்டர்களில் காயில் 415 வோல்ட், சிலவற்றில் 240 வோல்ட். பெரிய மோட்டார்களுக்கு ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இருக்கும். ஸ்டார்ட்டரின் வகையையும் காயில் வோல்ட்டையும் குறித்துக்கொண்டு போய் அதற்கேற்ற கருவியை வாங்க வேண்டும்.

மோட்டார் பக்கத்தில் ஆள் நின்றால், சத்தம் மாறும்போதே பழுதைத் தெரிந்துகொள்வார். வீட்டிலிருந்து இயக்கும்போது அந்தக் காது இல்லை. எனவே மூன்று பாதுகாப்புகள் அவசியம். ஒன்று, அதிகச் சுமையில் நிறுத்தும் ஓவர்லோடு ரிலே. இரண்டு, மூன்று முனைகளில் ஒன்று போய்விட்டால் உடனே நிறுத்தும் அமைப்பு. இது இல்லாவிட்டால் மோட்டார் மற்ற இரு முனைகளில் ஓடி, சுருள் எரிந்துவிடும். மூன்று, கிணற்றில் தண்ணீர் வற்றினால் நிறுத்தும் அமைப்பு. தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் எடுக்கும் ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைந்துவிடும். கருவி அதைக் கண்டு நிறுத்துகிறது. ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் மோட்டாருக்கும் எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் இந்த வேலையோடு சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.

பழைய கைப் பொத்தான்களைக் கழற்றிவிடக் கூடாது. ரூட்டர் நின்றாலும், சிம் கார்டு காலாவதி ஆனாலும், மோட்டார் அறைக்குப் போய்க் கையால் இயக்கும் வழி எப்போதும் இருக்க வேண்டும்.

செய்தி போகும் வழி

வீட்டு வை-ஃபை திறந்த வெளியில் 100 அடி தூரம் வரை ஓரளவு எட்டும். இடையில் சுவரும் மரங்களும் வந்தால் இது மேலும் குறையும். வீட்டை ஒட்டிய கிணற்றுக்கு இது போதும். தூரத்துக் கிணற்றுக்குச் சிம் கார்டு போடும் கருவியே ஏற்றது. வாங்கும் முன் மோட்டார் அறைக்குள் நின்று கைபேசியில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கருவி 2ஜி மட்டும் உள்ளதா, 4ஜி உள்ளதா என்றும் கேட்க வேண்டும். 2ஜி சேவை நடத்தாத நிறுவனத்தின் சிம் கார்டு 2ஜி கருவியில் வேலை செய்யாது.

இன்னொன்றும் உண்டு. சில கருவிகள் தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமே கட்டுப்படும். அவற்றை வை-ஃபை மட்டும் உள்ள டேப்லட்டிலிருந்து இயக்க முடியாது. இணையம் வழியாக இயங்கும் செயலி உண்டா, அது டேப்லட்டில் ஓடுமா என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

கணினி பழகிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால், 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஹோம் அசிஸ்டன்ட்’ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் இது ஓடும். வீட்டு வை-ஃபைக்குள் அதற்கேற்ற கருவிகளைப் பொருத்தியிருந்தால், இணையம் நின்றாலும் அவற்றைத் தொடர்ந்து இயக்கலாம். மற்றவர்களுக்குக் கருவியோடு வரும் செயலியே போதும்.

எந்தச் சுவர்?

மழைச் சாரல் படும் வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், அடிமட்டத்திலிருந்து ஓதம் ஏறும் சுவர் ஆகியவை ஆகா. மாலை வெயில் படும் மேற்குச் சுவரும், அடுப்புக்குப் பின்புறச் சுவரும் சூடேறும். அவற்றையும் தவிர்க்க வேண்டும். புதுச் சுவரானால் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே திரையைப் பொருத்த வேண்டும். கூடத்தில் எல்லோரும் வந்து போகும் இடத்தில் உள்ள உட்சுவரே சிறந்தது. திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து 4½ முதல் 5 அடி உயரத்தில் இருந்தால் பெரியவர்களுக்கு எட்டும். சிறு குழந்தைகளுக்கு எட்டாது.

9 அங்குலச் செங்கல் சுவரில் திரைக்குக் குழி எடுக்கலாம். 4½ அங்குலச் சுவரைக் குடையக் கூடாது. மரச் சட்டம் அடித்து மேலேயே பொருத்திவிடலாம். வயர் செல்லும் பைப்புக்குக் காடி எடுக்கும்போது மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும். அதன் ஆழம் சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. படுக்கை வசத்தில் நீளமாக வெட்டினால் சுவர் பலம் குறையும். உளியை வைக்கும் முன், பழைய வயர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து மெயின் சுவிட்சை நிறுத்திவிட வேண்டும்.

பழைய வீடுகளில் விளக்கு வைத்த மாடக்குழி சும்மா கிடக்கும். உயரம் சரியாக இருந்தால் அதன் முகப்பில் ஒரு மரச் சட்டம் பொருத்தித் திரையை வைக்கலாம். சுவரை வெட்டும் வேலையே இல்லை. பின்னால் காற்றும் தாராளமாகக் கிடைக்கும்.

பதிக்கும் முறை

டேப்லட்டை அளந்து, நான்கு பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக, ஒன்றரை முதல் இரண்டு அங்குல ஆழத்தில் குழி எடுக்க வேண்டும். சிமெண்டால் ஒட்டிப் பூசிவிடுவது தவறு. பழுது வந்தால் எடுக்க வேண்டும் அல்லவா? குழிக்குள் மரப் பெட்டி அல்லது பிளாஸ்டிக் பெட்டி வைத்து, முகப்பில் திருகாணியால் கழற்றி மாட்டும் சட்டம் போட வேண்டும். சட்டத்தின் மேலும் கீழும் காற்றுப் போக நீளத் துளைகள் விட வேண்டும். கீழே நுழையும் காற்று சூட்டை மேலே தள்ளிக்கொண்டு போகும். துளைகளில் மெல்லிய வலை அடித்தால் பல்லி, கரப்பான், குளவிக் கூடு தொல்லை இராது.

சார்ஜர் அடாப்டரை மூடிய குழிக்குள் வைக்கக் கூடாது. பக்கத்தில் கைக்கு எட்டும் தனிப் பெட்டியில் சாக்கெட் அமைத்து அதில் செருக வேண்டும். அடாப்டரிலிருந்து திரைக்கு வருவது 5 வோல்ட் மட்டுமே. 240 வோல்ட் வயரையும் இந்த வயரையும் ஒரே பைப்பில் விடக் கூடாது. வயர் 6 அடிக்கு மேல் நீண்டு மெல்லியதாகவும் இருந்தால் வோல்ட் குறைந்து சார்ஜ் ஏறாது. வீட்டு இணைப்பில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால், இந்தச் சமயத்திலேயே அதையும் போட்டுவிடலாம்.

திரைக்கான மின்சாரத்தை வீட்டு இணைப்பிலிருந்தே எடுக்க வேண்டும். பம்ப்செட் இணைப்பிலிருந்து வீட்டுக்கு வயர் இழுப்பது விதிமீறல்; அந்த இணைப்புக்கே ஆபத்தாக முடியும்.

பேட்டரி உப்பினால் ஆபத்து

டேப்லட்டில் இருப்பது லித்தியம் பேட்டரி. இரவு பகலாகச் சார்ஜில் போட்டுச் சூட்டில் வைத்தால் அது உப்பும். 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் ஏற்றக் கூடாது. சாக்கெட்டில் ஒரு டைமர் போட்டு, காலையும் மாலையும் தேவையான நேரம் மட்டும் சார்ஜ் ஏறச் செய்வது நல்லது. 40 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் பேட்டரி நாள்படும். மாதம் ஒரு முறை சட்டத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். திரை மேலெழுந்தோ முதுகு புடைத்தோ இருந்தால் உடனே சார்ஜை நிறுத்தி வெளியே எடுத்துவிட வேண்டும். உப்பிய பேட்டரியைக் குத்துவதும், குப்பையோடு சேர்த்து எரிப்பதும் தீ விபத்தில் முடியும்.

திரையில் என்ன தெரிய வேண்டும்?

‘ஆன்’ என்று தெரிந்தால் மட்டும் போதாது. அது கட்டளை போனதைக் காட்டுகிறதா, மோட்டார் ஓடுவதைக் காட்டுகிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று முனைகளின் வோல்ட், மோட்டார் எடுக்கும் ஆம்பியர், நின்றால் நின்ற காரணம் ஆகியவை திரும்பி வந்து திரையில் தெரியும் கருவியே வாங்கத் தக்கது. ஓவர்லோடில் நின்ற மோட்டாரை வீட்டிலிருந்தபடியே மறுபடி மறுபடி தொட்டுக் கிளப்பக் கூடாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

மோட்டார் தானாக நிற்கும் நேரத்தையும் வைத்துவிட வேண்டும். போட்டது மறந்து தூங்கிவிட்டால் வயலில் உரமும் கரைந்து போகும்; கிணறும் வற்றும்.

ஆள் கிணற்றில் இருக்கும்போது

மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். முன்பெல்லாம் மோட்டாரை இயக்க ஆள் மோட்டார் அறைக்கு வர வேண்டும். இப்போது ஒருவர் கிணற்றில் பழுது பார்க்கும்போது, வீட்டில் ஒரு குழந்தை திரையைத் தொட்டாலும் மோட்டார் கிளம்பிவிடும். மும்முனை மின்சாரம் வந்ததும் தானாகக் கிளம்பும்படி கருவியை வைத்திருந்தால் யாரும் தொட வேண்டியதுகூட இல்லை.

ஆகவே மோட்டாரையோ, பைப்பையோ, ஸ்டார்ட்டரையோ தொடும் முன் மெயின் சுவிட்சை நிறுத்தி, ப்யூஸ் கேரியர்களை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். திரையில் நிறுத்தியிருக்கிறது என்று நம்பி இறங்கக் கூடாது. மோட்டார் பொத்தானுக்கு இரகசிய எண் வைத்து, இரண்டு முறை தொட்டால்தான் கிளம்பும்படி அமைக்க வேண்டும். ஆனால் நிறுத்துவதற்கு ஒரே தொடுதல் போதுமானதாக இருக்க வேண்டும்.

செலவு செய்யும் வரிசை

கையில் உள்ள பணத்தை முதலில் எர்த், ஓவர்லோடு ரிலே, முனைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கும், அடுத்து இயக்குக் கருவிக்கும் செலவிட வேண்டும். ஒரு போகம் கைபேசியிலேயே இயக்கிப் பழகிய பிறகு, தேவை என்று பட்டால் சுவரில் திரையைப் பதிக்கலாம். கைபேசி மூலம் பம்ப்செட்டை இயக்கும் கருவிக்குத் தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கியதுண்டு. எனவே அந்தத் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி கிடைத்த பிறகு வாங்குவது நல்லது. ஸ்டார்ட்டர் இணைப்பு வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் அவரை மோட்டார் அறையில் நிற்க வைத்து, திரையிலிருந்து ஒரு முறை கிளப்பி நிறுத்தி, பிறகு கைப் பொத்தானிலும் ஒரு முறை கிளப்பி நிறுத்திப் பார்த்த பின்பே கூலியைக் கொடுக்க வேண்டும்.