பிள்ளைகளின் பள்ளியும் நாம் வாங்கும் வீடும்

நம் வியாபாரிகள் வீடு பார்க்கப் போனால் தண்ணீர், பட்டா, வில்லங்கம் ஆகியவற்றை விசாரித்த காலம் போய், "பக்கத்தில் எந்தப் பள்ளி?" என்று முதலில் கேட்கும் காலம் வந்துவிட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கடை முதலைத் தொடும்படி அது ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கொத்தவால்சாவடியில் இருந்தவரை எங்களில் பலருக்கு இந்தக் கவலை கிடையாது. கடைக்கு மேல் மாடியிலோ அடுத்த தெருவிலோ வீடு. பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போவார்கள். 1996-ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்கு மாறிய பின் கடை ஒரு திசை, வீடு ஒரு திசை, பள்ளி ஒரு திசை என்று ஆயிற்று.

காய்கறித் தொழிலில் லாரி வருவது நள்ளிரவுக்கு மேல். பிள்ளைகள் கிளம்பும் எட்டு மணிக்கு நாங்கள் கல்லாவில் இருப்போம். பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் வீட்டுப் பெண்கள் பொறுப்பு. ஆகவே மார்க்கெட்டை ஒட்டி வீடு வாங்குவதைவிடப் பள்ளியை ஒட்டி வாங்குவதே எங்களுக்குச் சரி. இரவு இரண்டு மணிக்கு ரோடு காலியாக இருக்கும். முகப்பேரிலிருந்தோ விருகம்பாக்கத்திலிருந்தோ கடைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? காலை எட்டு மணிக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் குழந்தையோடு கடப்பதுதான் பெரும்பாடு.

இனி விலைக்கு வருவோம். பேர்பெற்ற பள்ளியைக் காட்டித் தரகர் சதுர அடிக்கு விலை ஏற்றுவார். அங்கே இடம் கிடைக்கும் என்று அவர் எழுதிக் கொடுப்பாரா? பக்கத்துத் தெருவில் சொந்த வீடு இருக்கிறது என்பதற்காகவே தனியார் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. எங்கள் வரிசையில் ஒருவர் சரக்கு முதலை எடுத்து இப்படித்தான் வீடு வாங்கினார். பையனுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் கோலாருக்கும் மதனப்பள்ளிக்கும் முன்பணம் அனுப்ப வழியில்லாமல், அவருக்கு வர வேண்டிய தக்காளி லாரிகள் வேறு கடைகளில் இறங்கின.

வாங்கியதைத் திரும்ப விற்றுவிடலாம் என்று நினைப்பதும் லேசான காரியமல்ல. மனையோ பழைய வீடோ கிரயம் செய்தால் முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்றுவரி 2, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் போகிறது. 60 லட்ச ரூபாய்க்கு 5 லட்சத்து 40 ஆயிரம். இன்னொரு வீடு வாங்கினால் மறுபடியும் அதே செலவு. ஆகவே முதலில் பள்ளியில் இடம் வாங்கி, அந்தப் பகுதியில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பதே புத்திசாலித்தனம். அந்தப் பள்ளியில் பிளஸ் டூ வரை இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் பள்ளிக்காக இருபது வருடத் தவணை கட்டுவானேன்?

அரசுப் பள்ளி என்றால் முகம் சுளிக்கும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. 6-ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 2021-ல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. நல்ல அரசு மேல்நிலைப் பள்ளி பக்கத்தில் இருந்தால் அதுவும் ஒரு சொத்துதான்.

நம் கடைச் சிப்பந்திகளுக்கும் ஒரு செய்தி. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்கள் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு உரியவை. இதில் மட்டும் வீட்டு முகவரிக்கு மதிப்பு உண்டு. பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்போருக்கு முன்னுரிமை. கணக்குப்பிள்ளையோ கடைப் பையனோ வாடகை வீடு தேடும்போது இதைச் சொல்லுங்கள். இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று மூன்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் விண்ணப்ப நேரத்தில் அலைய வேண்டியதில்லை.