சர்க்கரை மிகுந்த உணவும் கல்லீரலும்: உடற்பயிற்சியின் பங்கு

மது அருந்தும் பழக்கம் இல்லாதவர்களின் கல்லீரலிலும் அளவுக்கு மேல் கொழுப்பு சேர்ந்து நோய் உண்டாகலாம். இது மதுசாராக் கொழுப்புக் கல்லீரல் நோய் என்று அழைக்கப்பட்டு வந்தது. உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறே இதற்கு அடிப்படை என்பதால், 2023 ஆம் ஆண்டில் பன்னாட்டுக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் அதைக் குறிக்கும் வகையில் இந்நோயின் பெயரை மாற்றின. சர்க்கரை மிகுந்த உணவு, உடலுழைப்புக் குறைவு, வயிற்றுப் பருமன், நீரிழிவு ஆகியவை இதன் முக்கியக் காரணிகள். முறையான உடற்பயிற்சி, உடல் எடை குறையாத நிலையிலும் கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது. ஆனால் சர்க்கரையின் அளவைக் குறைக்காமல் பயிற்சி மட்டும் செய்தால் முழுப் பயன் கிடைப்பதில்லை.

ஊர்ப்புறங்களில் கல்லீரல் நோய் என்றாலே குடிப்பழக்கம்தான் என்ற எண்ணம் இன்றும் உள்ளது. இதனால் ஸ்கேன் அறிக்கையில் "கொழுப்புக் கல்லீரல்" என்று வந்ததும், மதுவைத் தொட்டே அறியாத ஒருவர் அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, மறு பரிசோதனைக்குச் செல்லாமல் விட்டுவிட நேர்கிறது. நோயோ வலி எதுவும் காட்டாமல் வளரக்கூடியது. சரிசெய்ய எளிதான தொடக்க நிலை இவ்வாறு கைநழுவிப் போகிறது.

கல்லீரலின் பணிகளும் நோயின் நிலைகளும்

வயிற்றின் வலப்பக்க மேற்பகுதியில், விலா எலும்புகளுக்குக் கீழே அமைந்துள்ள கல்லீரல் ஏறத்தாழ 1.5 கிலோ எடை கொண்டது. குடலில் செரித்த உணவின் சத்துகளில் பெரும்பகுதி முதலில் கல்லீரலுக்கே வந்து சேர்கிறது. அது குளுக்கோஸைக் கிளைக்கோஜனாக மாற்றிச் சேமிக்கிறது, பித்தநீரைச் சுரக்கிறது, புரதங்களை உருவாக்குகிறது, நச்சுப் பொருள்களை மாற்றி வெளியேற்ற உதவுகிறது. கல்லீரலில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது கொழுப்புக் கல்லீரல் எனப்படுகிறது.

நோய் நான்கு நிலைகளில் முன்னேறலாம்:

1. கொழுப்பு சேர்தல்
2. கொழுப்புடன் அழற்சியும் ஏற்படுதல்
3. அழற்சியால் தழும்புத் திசு உருவாதல்
4. கல்லீரல் சுருங்கி இறுகிப்போதல்

எல்லாருக்கும் நோய் நான்காம் நிலை வரை செல்வதில்லை. முதல் இரண்டு நிலைகளிலிருந்து பழைய நிலைக்குத் திரும்ப முடியும். தழும்பும் தொடக்கத்தில் ஓரளவு குறையக்கூடும். நான்காம் நிலையில் அது மிகவும் கடினம்.

சர்க்கரை கொழுப்பாக மாறும் விதம்

நாம் பயன்படுத்தும் வெள்ளைச் சர்க்கரையின் வேதிப்பெயர் சுக்ரோஸ். இதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் இணைந்து உருவானது. குடலில் இவை பிரிகின்றன. குளுக்கோஸை மூளை, தசை உள்ளிட்ட எல்லா உறுப்புகளும் பயன்படுத்திக்கொள்கின்றன. ஃபிரக்டோஸின் நிலை வேறு. சிறிய அளவில் உண்டால் சிறுகுடலே அதில் பெரும்பகுதியை மாற்றிவிடும். பெரிய அளவில், விரைவாக உள்ளே சென்றால் மிகுதி கல்லீரலுக்குச் செல்கிறது. கல்லீரல் அதில் ஒரு பகுதியைக் கொழுப்பாக மாற்றுகிறது.

வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இதற்கு விலக்கல்ல. அவற்றில் சிறிதளவு தாது உப்புகள் இருந்தாலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். "வெல்லம்தானே, ஒன்றும் செய்யாது" என்று இரண்டு மடங்கு சேர்த்துக்கொள்வதால் கல்லீரலின் சுமை கூடுகிறது. பழத்தை முழுதாக மென்று உண்ணும்போது நார்ச்சத்து இருப்பதால் சர்க்கரை மெதுவாகச் சேர்கிறது. அதையே சாறாகப் பிழிந்து சர்க்கரையும் சேர்த்துக் குடித்தால் அந்தப் பயன் போய்விடுகிறது.

கல்லீரலில் உள்ள கொழுப்பு முழுவதும் சர்க்கரையிலிருந்து வருவதில்லை. 2005 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளிகளின் கல்லீரல் கொழுப்பில் சுமார் 59 விழுக்காடு உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்தும், 26 விழுக்காடு கல்லீரலே புதிதாக உருவாக்கியதிலிருந்தும், 15 விழுக்காடு உணவுக் கொழுப்பிலிருந்தும் வந்திருந்தது. இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது கொழுப்புத் திசுக்கள் கொழுப்பை அடக்கி வைக்க முடியாமல் இரத்தத்தில் விடுகின்றன. அது கல்லீரலில் போய்ச் சேர்கிறது. உடற்பயிற்சியின் பயனைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு உதவும்.

தமிழ்நாட்டுச் சூழல்

சென்னையில் 541 பேரிடம் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வில் 32 விழுக்காட்டினருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. அவர்களுள் நீரிழிவு உள்ளோரிடையே இது 54.5 விழுக்காடாக இருந்தது. இலங்கையின் ராகம பகுதியில் நடந்த ஆய்விலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்நோய் காணப்பட்டது. மேற்கு வங்காளத்தின் கிராமப்புற ஆய்வில் (2010) 8.7 விழுக்காட்டினருக்கு மட்டுமே இருந்தாலும், அவர்களில் பெரும்பாலோர் பருமன் இல்லாதவர்கள். ஒல்லியான உடல்வாகு மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்பதை இது காட்டுகிறது.

உத்திரமேரூர் போன்ற பகுதிகளில் சில தலைமுறைகளுக்கு முன் உணவிலிருந்த சர்க்கரை குறைவு, உழைப்பு மிகுதி. நாற்று நடவும் அறுவடையும் கையால் நடந்தன. பக்கத்து ஊருக்கு நடந்தோ மிதிவண்டியிலோ சென்றனர். இன்று அறுவடை இயந்திரமும் இருசக்கர வாகனமும் வந்துவிட்டன. காஞ்சிபுரம் வட்டார நெசவாளர்கள் தறியின் முன் நாள் முழுவதும் அமர்ந்தே இருக்கின்றனர். உழைப்பு குறைந்த அளவுக்கு டீயும் பிஸ்கட்டும் பாட்டில் பானமும் குறையவில்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். நியாய விலைக் கடையில் பெரும்பாலான குடும்ப அட்டைகளுக்கு மாதம் அதிகபட்சம் 2 கிலோ சர்க்கரை வழங்கப்படுகிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் இதை மட்டும் பயன்படுத்தினால் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 கிராம் வரும். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நல்லது. வெளியில் ஒரு டீக்கு 2 தேக்கரண்டி, அதாவது 10 கிராம் என்று வைத்துக்கொண்டால், நான்கு டீயிலேயே 40 கிராம் ஆகிவிடும். 300 மில்லி லிட்டர் குளிர்பானத்தில் சுமார் 30 கிராம் இருக்கும்.

உடற்பயிற்சி என்ன செய்கிறது

முதலாவதாக, வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது. பயிற்சியின்போது தசையிலுள்ள கிளைக்கோஜன் செலவாவதால், அடுத்து உண்ணும் மாவுச்சத்து அங்கே சேமிக்கப்பட இடம் கிடைக்கிறது. கல்லீரலுக்குச் செல்லும் மிகுதி குறைகிறது.

இரண்டாவதாக, இன்சுலின் செயல்திறன் கூடுகிறது. கொழுப்புத் திசுக்கள் கொழுப்பை இரத்தத்தில் விடுவது குறைகிறது. மேலே சொன்ன 59 விழுக்காட்டு வழி இதனால் சுருங்குகிறது. குறைவான இன்சுலினே போதுமானதாக இருப்பதால், கல்லீரல் புதிதாகக் கொழுப்பை உருவாக்குவதும் தணிகிறது.

மூன்றாவதாக, கொழுப்பை எரித்து ஆற்றலாக்கும் வேலை விரைவடைகிறது.

ஒருமுறை பயிற்சி செய்ததால் இன்சுலின் செயல்திறனில் உண்டாகும் முன்னேற்றம் ஒன்று அல்லது இரண்டு நாள்களே நீடிக்கும். எனவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட நேரம் நடப்பதைவிட, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடப்பது சிறந்தது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது.

ஆய்வுகள் காட்டுபவை

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நடந்து 2009 இல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத பருமனானோர் நான்கு வாரம் மிதிவண்டிப் பயிற்சி செய்தனர். எடை குறையவில்லை, ஆனால் கல்லீரல் கொழுப்பு 21 விழுக்காடு குறைந்தது. எடைக் கருவியில் முள் நகரவில்லை என்று மனம் சோர்ந்து நடைப்பயிற்சியைக் கைவிடுவோர் கவனிக்க வேண்டிய முடிவு இது.

2014 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 22 இளைஞர்கள் வழக்கமான உணவுடன் நாள்தோறும் 75 கிராம் ஃபிரக்டோஸை இரண்டு வாரம் எடுத்துக்கொண்டனர். நாளுக்கு 4,500 அடிகளுக்குள் நடந்த காலத்தில் அவர்களின் இரத்தக் கொழுப்பும் அழற்சிக் குறியீடுகளும் கூடின. 12,000 அடிகளுக்கு மேல் நடந்த காலத்தில் அந்தத் தீங்கு பெரிதும் தடுக்கப்பட்டது.

சர்க்கரையைக் குறைப்பதன் பயனையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. கொழுப்புக் கல்லீரல் உள்ள 11 முதல் 16 வயது வரையிலான 40 சிறுவர்களிடம் நடந்து 2019 இல் வெளியான ஆய்வில், எட்டு வாரம் சர்க்கரையை மிகவும் குறைத்து உண்டவர்களின் கல்லீரல் கொழுப்பு 25 விழுக்காட்டிலிருந்து 17 ஆகக் குறைந்தது. வழக்கமான உணவை உண்டவர்களிடம் அது 21 இலிருந்து 20 ஆக மட்டுமே குறைந்தது.

உடற்பயிற்சியின் எல்லை

"நடந்துவிட்டு வந்தேன், இனி இனிப்புச் சாப்பிடலாம்" என்பது பரவலான தவறு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 120 கலோரி. நான்கு டீயிலுள்ள 40 கிராம் சர்க்கரை தரும் ஆற்றல் 160 கலோரி. நடையின் முடிவில் டீக்கடையில் பன்னுடன் இனிப்பான டீ அருந்தினால், நடந்ததில் செலவான ஆற்றல் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்ந்து உடல் எடை 5 விழுக்காடு குறைந்தால் கல்லீரல் கொழுப்பு நன்கு குறையும். 7 முதல் 10 விழுக்காடு வரை குறைந்தால் அழற்சியும் தணியும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 5 விழுக்காடு என்பது 3.5 கிலோதான்.

வீட்டு வேலை போதுமா என்று பெண்கள் பலர் கேட்பதுண்டு. வீட்டு வேலையும் உழைப்பே. ஆனால் விட்டுவிட்டுச் செய்யும் மெதுவான வேலையில் மூச்சும் நாடித் துடிப்பும் போதிய அளவு கூடுவதில்லை. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கும் வேகத்தில் நடப்பதே மிதமான பயிற்சி. இவ்வாறு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் பரிந்துரைத்தது.

ஊர்ப்புறத்தில் செய்யத்தக்கவை

* வெயில் ஏறும் முன் ஏரிக்கரையிலோ பள்ளி மைதானத்திலோ வேகமாக நடக்கலாம். தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கப்பட்டது. அதற்குச் செல்ல இயலாதவருக்குத் தெருவே போதும்.
* உணவுக்குப் பின் 10 முதல் 15 நிமிடம் மெதுவாக நடப்பது இரத்தச் சர்க்கரை உயர்வைக் குறைக்கும்.
* மூட்டு வலி உள்ளவர்கள் நாற்காலியில் அமர்ந்து எழுதல், தண்ணீர் நிறைத்த பாட்டிலைத் தூக்கி இறக்குதல் போன்ற தசைப் பயிற்சிகளைச் செய்யலாம். இவையும் கல்லீரல் கொழுப்பைக் குறைக்க உதவுகின்றன.
* நெசவு, தையல், அலுவலகப் பணி செய்வோர் மணிக்கு ஒருமுறை எழுந்து சில நிமிடம் நடக்க வேண்டும்.
* டீயின் எண்ணிக்கையைக் குறைக்க முடியாதவர்கள், இரண்டு கரண்டிச் சர்க்கரையை முதலில் ஒன்றரை, பிறகு ஒன்று, பிறகு அரை என்று படிப்படியாகக் குறைக்கலாம்.
* பாட்டில் பானத்துக்குப் பதில் உப்பிட்ட நீர்மோர் அருந்தலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.
* மதுவை முற்றிலும் தவிர்க்க வேண்டும். கொழுப்பு சேர்ந்த கல்லீரலுக்கு அது கூடுதல் தீங்கு.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கடும் பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். இவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

பரிசோதனை

நீரிழிவு உள்ளோர், இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. மேல் உள்ளோர், இரத்தத்தில் டிரைகிளிசரைடு மிகுந்தோர் ஆகியோர் கல்லீரலைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் இயல்பாக இருந்தாலும் நோய் இருக்கக்கூடும். வயிற்று ஸ்கேன் கொழுப்பைக் காட்டும். நொதி அளவு, இரத்தத் தட்டணு எண்ணிக்கை, வயது ஆகியவற்றைக் கொண்டு தழும்பு உருவாகியிருக்கும் வாய்ப்பை மருத்துவர் கணக்கிடுவார்.

2021 பிப்ரவரியில் இந்திய அரசு இந்நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் தேசியத் திட்டத்தில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் பணியாளர்கள் நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளை வீட்டிலேயே சந்திக்கின்றனர். அவ்வாறு வரும்போது ஸ்கேன் அறிக்கையை மறைக்காமல் காட்டி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டறிவது நன்று.