ஆலோசகர் யாரிடம் சொல்வார்?

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர மனநல மருத்துவமனை. 2011 ஜூனில் அங்கே மேடையேறியவர் மார்ஷா லினஹன், உலகறிந்த உளவியல் பேராசிரியை. 1961இல், 17 வயதில், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் நோயாளியாக அதே மருத்துவமனையின் தனியறையில் கிடந்தவர். பல பத்தாண்டுகள் மூடி வைத்திருந்த ரகசியத்தை அன்று பகிரங்கமாக்கினார்.

தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்களுக்காக அவர் உருவாக்கிய ‘டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி’யில் ஒரு விசேஷம் உண்டு. சிகிச்சையாளர்கள் வாராவாரம் கூடித் தங்கள் தடுமாற்றங்களைப் பேசியாக வேண்டும். எல்லோரும் தவறக்கூடியவர்களே என்பது அங்கு முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் விதி. சகாவையோ நோயாளியையோ பற்றி யாராவது தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் மணியடிக்கவே சில குழுக்களில் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

தானே மனநோயைக் கடந்து வந்த சிகிச்சையாளருக்கு இத்தகைய வட்டம் கூடுதலாகத் தேவை. எதிரில் இருப்பவரின் கதை தன் கதையாக ஒலிக்கும்போது, பரிவு எங்கே முடிகிறது, பழைய காயம் எங்கே பேசத் தொடங்குகிறது என்று தனியாகக் கண்டுபிடிப்பது கடினம். மேலதிகாரியிடம் சொல்லலாம்தான். ஆனால் வேலை அவர் கையில் இருக்கிறதே! சமநிலையில் உள்ளவர்களிடம் அந்தப் பயம் குறைவு. அதற்காக அவர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள் என்றில்லை. “இந்த கேஸை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்” என்று முகத்துக்கு நேரே சொல்வதும் அவர்கள் வேலைதான்.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோர ஊர்களை வைத்துப் பார்த்தால் சிக்கல் இன்னும் புரியும். பாலக்காட்டுக்காரர் ரயில் பிடித்துக் கோவைக்குப் போய்ச் சகாக்களைச் சந்தித்துவிடலாம். இடுக்கியிலோ ரயில் பாதையே கிடையாது. மறையூரிலிருந்தோ நெடுங்கண்டத்திலிருந்தோ மலையிறங்கித் திரும்புவதற்குள் ஒரு நாள் போய்விடும். தேயிலை, ஏலத் தோட்டங்களில் தமிழில் அழுகிறவர்களைக் கேட்ட ஆலோசகருக்கு, அதைத் தமிழிலேயே இறக்கி வைக்க ஆள் வேண்டும். ஆனால் உள்ளூரில் முடியாது. பெயரைச் சொல்லாவிட்டாலும் எந்த எஸ்டேட், எந்த லயம் என்றதும் ஆள் தெரிந்துவிடும். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ இருக்கும் நான்கைந்து பேருடன், வாரம் ஒரு மணி நேரம், தொலைபேசியில் கூடுவதே உசிதம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது; அரசு வேலையில் பாகுபாடு காட்டத் தடையும் விதிக்கிறது. இருந்தும் வாய் திறக்கத் தயக்கம் இருப்பது இயல்பே. நோயின் பெயரைச் சொல்லியே தீர வேண்டும் என்று வட்டம் கேட்பதில்லை. நேற்று அந்தப் பெண் பேசிவிட்டுப் போன பிறகு தூக்கம் வரவில்லை என்றால் போதும், பேச்சைத் தொடங்கிவிடலாம். லினஹனே தன் கதையைச் சொல்ல 68 வயது வரை எடுத்துக்கொண்டார்.