சில்லறை சிகரெட்டில் தெரியாத எண்

சானமாவு வழியாக ஓசூருக்குப் போகும் ராயக்கோட்டை சாலையில் ஷிப்ட் முடிந்து வரும் பையன்களுக்கு டீக்கடைதான் முதல் நிறுத்தம். கடை முகப்பில் நூலில் தொங்குகிறது லைட்டர். ஒரு டீ, ஒரு சிகரெட்; முழு பாக்கெட் வாங்க வேண்டியதில்லை.

எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் கதை வேறு. கர்நாடகத்தில் 2025 முதல் 21 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்கக்கூடாது. ஓசூரில், 2003-ம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, அந்த வயது 18. 'வேப்' எனும் மின் சிகரெட்டுக்கோ 2019 முதல் நாடு முழுக்கத் தடை. விற்றால் முதல் முறையே ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதே 2019-ல் எடுத்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 13–15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்தினார்கள். சிகரெட் பிடித்தவர்களில் 38 சதவீதம் பேர் பத்து வயதுக்கு முன்பே தொடங்கிவிட்டவர்கள்.

விடுவது ஏன் கடினம்? உள்ளிழுத்த நிகோடின் சில நொடிகளில் மூளையைத் தொடுகிறது. வளரும் மூளை சீக்கிரம் பழகிக்கொள்கிறது. சிகரெட்டாவது எரிந்து தீரும். வேப்புக்கு அந்த முடிவும் இல்லை, வீட்டில் காட்டிக்கொடுக்கும் புகை நாற்றமும் இல்லை.

ஆனால் கைகொடுத்தால் விட முடிகிறது. அமெரிக்காவில் வேப் பழக்கமுள்ள 13–17 வயதினர் 1,503 பேரிடம் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. செல்போனில் தொடர்ந்து ஊக்கக் குறுஞ்செய்தி பெற்றவர்களில் 37.8 சதவீதம் பேர் ஏழு மாதம் கழித்து வேப்பைத் தொடாமல் இருந்தார்கள். பெறாதவர்களில் 28 சதவீதம். 2025-ல் வெளியான இன்னொரு ஆய்வு 16–25 வயதினரைப் பற்றியது. வாரெனிக்ளின் மாத்திரையுடன் ஆலோசனையும் பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் 12 வார சிகிச்சையின் கடைசி நான்கு வாரமும் வேப் இல்லாமல் இருந்தார்கள். போலி மாத்திரை பெற்றவர்களில் 14 சதவீதம். மாத்திரை நின்றபின் பலர் பழையபடி திரும்பினார்கள். மாத்திரையை மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

நம்மூரில் கைகொடுக்க இருக்கும் புகையிலை விடுவிப்பு உதவி எண் 1800-11-2356. கட்டணமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ மையத்திலிருந்து தமிழிலேயே பேசுவார்கள். விட்ட முதல் சில நாள்தான் கடும் பாடு. ஒவ்வொரு முறை எழும் ஏக்கமும் சில நிமிடத்தில் தணியும். அதுவரை தண்ணீர் குடிக்கலாம், கொஞ்சம் நடக்கலாம்.

இந்த எண்ணை 2018 முதல் ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டிலும் அச்சடிக்கிறார்கள். ஒற்றை சிகரெட் வாங்கும் பையன் கையில்தான் பாக்கெட்டே வருவதில்லை. எண்ணை எழுத வேண்டிய இடம், அந்த லைட்டர் தொங்கும் பலகை.