மூன்று பேரின் பலம்

மலேசியாவின் பேரா மாநிலச் சட்டமன்றத்தில் 59 இருக்கைகள். ஆட்சிக்கு 30 வேண்டும். 2009 பிப்ரவரியில் ஒரு பக்கம் 28 பேர், மறுபக்கம் 28 பேர், இடையில் 3 பேர். அந்த மூவர் சாய்ந்த பக்கம் ஆட்சி போயிற்று. வியப்பு அதில் இல்லை. கணக்குப் போட்டால், அந்த மூவரின் பலமும் 28 பேர் கொண்ட ஓர் அணியின் பலமும் மிகச் சரியாகச் சமம்.

வாக்குப் பலத்தை அளக்க ஒரு கணிதம் இருக்கிறது. பிரிட்டனின் லயனல் பென்ரோஸ் 1946-லும், அமெரிக்க வழக்கறிஞர் ஜான் பான்ஸாஃப் 1965-லும் தனித்தனியே அதைக் கண்டறிந்தார்கள். கேள்வி ஒன்றுதான்: இந்த அணி விலகினால் வெல்லும் கூட்டு தோற்றுப்போகுமா? எத்தனை கூட்டுகளில் அப்படி ஆகிறது என்பதே அதன் பலம். நியூயார்க் மாநிலத்தின் நாசோ வட்டார மன்றத்தில் ஆறு உறுப்பினர்களில் மூவரின் ஓட்டு எந்த முடிவையும் மாற்றவே முடியாது என்று பான்ஸாஃப் காட்டினார். கையில் ஓட்டு உண்டு, பலம் பூஜ்யம்.

பேராவின் தலைநகர் ஈப்போவில் நடந்தது இதன் மறுபுறம். 28-ம் 28-ம் சேர்ந்தால் 56. 28-ம் 3-ம் சேர்ந்தால் 31. எந்த இரண்டு அணி சேர்ந்தாலும் 30-ஐத் தாண்டும். எந்த அணியும் தனித்து நின்றால் எட்டாது. ஆகவே மூன்று அணிக்கும் மூன்றில் ஒரு பங்கு பலம்.

அந்த நிலை வந்த கதை இது. 2008 மார்ச் தேர்தலில் பக்காத்தான் ராக்யாட் கூட்டணி 31, தேசிய முன்னணி 28. பக்காத்தானில் இருந்த பாஸ் கட்சியின் நிஜார் ஜமாலுடின் மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர், ஆனார். தேவைக்கு மேல் ஒரே ஓர் இருக்கை. 2009 ஜனவரியில் போத்தா உறுப்பினர் தேசிய முன்னணியின் அம்னோ கட்சியிலிருந்து வந்து சேர, 32 ஆயிற்று. சில நாள்களில் பேராங், சங்காட் ஜெரிங், ஜெலாப்பாங் உறுப்பினர்கள் பக்காத்தானிலிருந்து விலகிச் சுயேச்சைகளாகித் தேசிய முன்னணியை ஆதரித்தார்கள். போத்தாக்காரரும் அம்னோவுக்கே திரும்பினார். முன்பே கையெழுத்திட்டு வாங்கியிருந்த பதவி விலகல் கடிதங்களை வைத்துச் சபாநாயகர் வி. சிவகுமார் அவற்றில் இரண்டு தொகுதிகள் காலி என்றார். தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. சுல்தான் அஸ்லான் ஷா மன்றத்தைக் கலைக்க மறுத்தார். பிப்ரவரி 6-இல் ஜம்ரி அப்துல் காதிர் பதவியேற்றார்.

மார்ச் 3-இல் மன்றக் கதவு திறக்கப்படாததால், பக்காத்தான் உறுப்பினர்கள் வெளியே ஒரு மழைமரத்தடியில் கூட்டம் நடத்தினார்கள். மே 7-இல் சிவகுமாரை இருக்கையோடு இழுத்துப் போனார்கள், தேசிய முன்னணியைச் சேர்ந்த ம.இ.கா.வின் ஆர். கணேசன் சபாநாயகர் ஆனார். அந்த நாற்காலியின் இரு பக்கமும் தமிழர்கள் நின்ற அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது. 2010 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் ஜம்ரியே மந்திரி பெசார் என்று தீர்ப்பளித்தது.

இந்தக் கணிதம் வாக்காளருக்கும் பொருந்தும். பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பின், பேராத் தமிழர் பல தொகுதிகளில் சிறுபான்மையாய்ச் சிதறி வாழ்கிறார்கள். நெருக்கமான போட்டியில் அவர்கள் ஓட்டுதான் வெற்றியைத் தீர்மானிக்கும். தேர்தலுக்குப் பின் உறுப்பினர் தாவினால் அந்தப் பலம் அவர்களைக் கேட்காமலே கைமாறுகிறது. தமிழர் செறிந்த புந்தோங்கில் 2008 முதல் மூன்று முறை வென்ற ஏ. சிவசுப்பிரமணியம் 2020 மார்ச்சில் தம் கட்சியான ஜசெகவை (ஜனநாயக செயல் கட்சி) விட்டு விலகியபோதும் வாக்காளர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இந்தியா 1985-இலேயே கட்சித் தாவல் தடையை அரசமைப்பில் சேர்த்தது. மலேசியாவில் கிளந்தான் மாநிலம் கொண்டுவந்த தடை, சங்கம் சேரும் உரிமைக்கு எதிரானது என்று 1992-இல் நீதிமன்றத்தில் விழுந்தது. 2022 ஜூலை 28-இல்தான் நாடாளுமன்ற மக்களவை 209 வாக்குகளோடு அதற்கான அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. கட்சியை விட்டுத் தானே விலகினால் இனி இருக்கை போகும். கட்சியே நீக்கினால் போகாது. ஒரு கட்சி முழுதாகக் கூட்டணி மாறினாலும் போகாது.

அதே ஆண்டு நவம்பர் 19-இல் பேராவில் மறுபடி தேர்தல். பெரிக்காத்தான் நேஷனல் 26, நம்பிக்கைக் கூட்டணி 24, தேசிய முன்னணி 9. கூட்டிப் பாருங்கள்: மீண்டும் எந்த இரண்டு சேர்ந்தாலும் 30-க்கு மேல். மீண்டும் மூன்று அணிக்கும் சம பலம். ஒன்பது பேர் கொண்ட அணியின் சாரானி முகமட் மந்திரி பெசாராகத் தொடர்ந்தார். யாரும் தாவவில்லை, எந்தச் சட்டமும் மீறப்படவில்லை.

கட்சித் தாவல் தடை தேவையானது, ஆனால் தனிமனிதரை மட்டுமே கட்டுகிறது. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம், தொங்கு மன்றம் வந்தால் உங்கள் கட்சி யாரோடு சேரும் என்று ஓட்டுப் போடும் முன்பே கேளுங்கள்.