52 சீட்டுகள், 38 சொற்கள், ஒரு கூட்டாளி

உங்கள் கையில் 13 சீட்டுகள். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளிக்கு அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனால் காட்டக் கூடாது. கண்சாடை, இருமல், பெருமூச்சு எதற்கும் இடமில்லை. நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றும் எதிராளிகள் இருவர் காதிலும் விழும். அனுமதிக்கப்பட்ட சொற்களோ மொத்தம் 38தான். இந்த நெருக்கடிக்குள் இரண்டு பேர் 26 சீட்டுகளை ஒரே கையாக நினைத்துத் திட்டமிட வேண்டும். பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தின் உயிர்நாடி இதுதான்.

நம் ஊரில் சீட்டுக்கட்டு என்றாலே சூது நினைவுக்கு வருகிறது. இணைய ரம்மியில் பணத்தையும் உயிரையும் இழந்தவர்களின் செய்திகளைப் படித்த பிறகு அந்த அச்சத்தைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் தீங்கு செய்வது பந்தயப் பணம், சீட்டு அல்ல. பணமே வைக்காமல், அணிகளாகப் பிரிந்து, உலகப் போட்டிகளாக ஆடப்படும் ஆட்டம் பிரிட்ஜ். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 60 வயது பிரணப் பர்தனும் 56 வயது சிப்நாத் சர்க்காரும் ஆடவர் இணைப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வென்றது இந்த ஆட்டத்தில்தான். நிகழ்தகவு, தகவல் பரிமாற்றம், செயற்கை நுண்ணறிவு ஆகிய மூன்று துறைகளின் கேள்விகளும் இந்த ஒரு மேசையில் வந்து கூடுகின்றன.

ஆடுவது எப்படி?

நான்கு பேர். எதிரெதிரே இருப்பவர்கள் ஓர் அணி. ஆளுக்கு 13 சீட்டுகள். ஒருவர் ஒரு சீட்டைப் போட, மற்ற மூவரும் இடமிருந்து வரிசையாக ஆளுக்கொன்று போட்டால் ஒரு சுற்று. முதலில் விழுந்த சின்னம் எதுவோ, அதே சின்னம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். அந்தச் சின்னத்தில் பெரிய சீட்டுப் போட்டவர் சுற்றை வெல்வார். அடுத்த சுற்றை அவரே தொடங்குவார். ஒரு சின்னம் துருப்பாக இருந்தால், கேட்ட சின்னம் கையில் இல்லாதவர் துருப்பைப் போட்டு வெட்டலாம். துருப்புச் சின்னத்தின் 2கூட வேறு சின்னத்தின் ஏஸை வீழ்த்திவிடும். மொத்தம் 13 சுற்றுகள்.

எந்தச் சின்னம் துருப்பு, எத்தனை சுற்று வெல்வோம் என்பதை முன்கூட்டியே ஏலத்தில் சொல்லிவிட வேண்டும். சொன்ன எண்ணுடன் ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ‘4 ஆட்டின்’ என்றால், ஆட்டினைத் துருப்பாக வைத்து 10 சுற்று வெல்வோம் என்ற வாக்குறுதி. சொன்னதை நிறைவேற்றினால் புள்ளி. தவறினால் எதிரணிக்குப் புள்ளி.

ஏலத்தை எடுத்த அணியில், அந்தச் சின்னத்தை முதலில் சொன்னவர் மட்டுமே ஆடுவார். அவருக்கு இடப்பக்கம் இருக்கும் எதிராளி முதல் சீட்டைப் போட்டதும், ஏலம் எடுத்தவரின் கூட்டாளி தன் 13 சீட்டுகளையும் மேசைமேல் விரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இவருக்கு ‘டம்மி’ என்று பெயர். ஏலம் எடுத்தவர் தன் கையையும் டம்மியின் கையையும் சேர்த்து ஆடுவார்.

இங்கிலாந்தின் விஸ்ட் ஆட்டத்தின் வழிவந்தது இது. இன்றைய பிரிட்ஜின் புள்ளி முறையை அமெரிக்கரான ஹெரால்ட் வாண்டர்பில்ட் 1925இல் ‘பின்லாந்து’ என்ற கப்பலில் பனாமா கால்வாய் வழியாகப் பயணம் செய்தபோது வகுத்து ஆடிப் பார்த்தார். சொன்ன அளவுக்குத்தான் பெரும் பரிசுப் புள்ளி என்ற அவரது விதியால் ஏலம் உயிர்பெற்றது. கையின் வலிமையைத் துல்லியமாகக் கூட்டாளிக்குச் சொல்லும் கலை அதிலிருந்துதான் வளர்ந்தது.

ஏணியில் ஏறும் மொழி

கிளாவர், டைமண்ட், ஆட்டின், இஸ்பேட், துருப்பில்லாமை. இந்த ஐந்தையும் 1 முதல் 7 வரை சொல்லலாம் என்பதால் 35 ஏலங்கள். ‘பாஸ்’, ‘டபுள்’, ‘ரீடபுள்’ சேர்த்தால் 38. ஆனால் ஒருவருக்கு வரக்கூடிய 13 சீட்டுச் சேர்க்கைகளோ 63,501 கோடிக்கும் மேல். அவ்வளவையும் இந்தச் சில சொற்களில் அடக்க வேண்டும். அதோடு, ஒவ்வோர் ஏலமும் முந்தையதைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும். பேசப் பேச ஏணியின் உச்சி நெருங்கும். பேசுவதற்கான இடம் குறையும். குறைந்த சொல்லில் நிறையத் தகவல் அனுப்புவது எப்படி என்று தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் கேட்கும் அதே கேள்வி இது.

விடை, எல்லாவற்றையும் சொல்லாமல் முக்கியமானதை மட்டும் சொல்வது. மில்டன் வொர்க் பரப்பிய கணக்குப்படி ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. கட்டு முழுவதற்கும் 40 புள்ளி; ஒருவருக்குச் சராசரி 10. பரவலான ஒரு முறைப்படி, ‘1 ஆட்டின்’ என்று தொடங்குபவர், தம்மிடம் ஏறத்தாழ 12 புள்ளிக்குக் குறையாத கையும் ஐந்து ஆட்டினும் உண்டு என்கிறார். எதிரே நான்கு ஆட்டினும் 13 புள்ளியும் வைத்திருப்பவர் உடனே கணக்குப் போடலாம்: இருவருக்கும் சேர்த்து 25, துருப்பு ஒன்பது, 10 சுற்று வெல்ல வாய்ப்பு அதிகம்.

சில ஏலங்கள் கேள்விகளாகவே இருக்கும். ஈஸ்லி பிளாக்வுட் உருவாக்கிய முறையில், துருப்பு முடிவான பின் ‘4 துருப்பில்லாமை’ என்று சொன்னால் ‘உன்னிடம் எத்தனை ஏஸ்?’ என்று பொருள். ‘5 கிளாவர்’ என்றால் ஒன்றுமில்லை அல்லது நான்கும். ‘5 டைமண்ட்’ என்றால் ஒன்று. ‘5 ஆட்டின்’ இரண்டு. ‘5 இஸ்பேட்’ மூன்று. ஒரு சொல்லில் கேள்வி. ஒரு சொல்லில் பதில்.

ஒரு கோடியிலிருந்து ஒன்றை நோக்கி

டம்மி விரிந்துவிட்டது. நீங்கள் பார்க்கும் சீட்டுகள் 26, பாராதவை 26. அந்த 26 சீட்டுகள் எதிராளிகள் இருவரிடமும் 13–13ஆகப் பிரிந்திருக்கக்கூடிய வழிகள் 1,04,00,600. ஆனால் இடப்பக்கத்தவர் முதல் சீட்டைப் போட்டுவிட்டார் அல்லவா? அது அவரிடம் இருந்தது என்று தெரிந்துவிட்டது. அந்த ஒரு தகவலே சரிபாதியைக் கழித்துவிடுகிறது, மிஞ்சுவது 52,00,300. அடுத்து விழும் ஒவ்வொரு சீட்டும் சாத்தியங்களை இப்படிக் குறைத்துக்கொண்டே போகும்.

விழாத சீட்டும் பேசும். சொல்லாத ஏலமும் பேசும். ஓர் எடுத்துக்காட்டு. ஒரு ராஜா யாரிடம் என்று நீங்கள் தேடுகிறீர்கள். ஏலத்தைத் தொடங்கும் வாய்ப்பு முதலில் வந்தும் ‘பாஸ்’ சொன்னவர் ஓர் எதிராளி. ஆட்டத்தின் நடுவே அவரிடமிருந்து ஓர் ஏஸ், ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு ஜாக்கி வந்துவிட்டன: 10 புள்ளி. தேடும் ராஜாவும் அவரிடம் இருந்திருந்தால் 13 ஆகியிருக்கும். அவர் ஏலத்தைத் தொடங்கியிருப்பார். ஆகவே அந்த ராஜா பெரும்பாலும் மற்றவரிடம். பாதிக்குப் பாதியாக இருந்த சந்தேகம், ஒரு மௌனத்தைச் சரியாகப் படித்ததால் கிட்டத்தட்ட உறுதியாகிவிடுகிறது. புதிய சான்று வரும்போதெல்லாம் பழைய கணிப்பைத் திருத்திக்கொள்ளும் இந்த முறையைத்தான் கணிதத்தில் பேய்ஸ் தேற்றம் சூத்திரமாகச் சொல்கிறது.

உள்ளுணர்வு வழுக்கும் இடங்கள்

ஒரு சின்னத்தில் எதிராளிகளிடம் 4 சீட்டுகள் உள்ளன. ஆளுக்கு இரண்டாகத்தான் பிரிந்திருக்கும் என்று மனம் சொல்லும். கணக்கு மறுக்கிறது. 2–2 பிரிவுக்கு 40.7 சதவீதம், 3–1 பிரிவுக்கு 49.7, 4–0க்கு 9.6. எதிராளிகளிடம் 5 சீட்டுகள் இருந்தாலோ 3–2 பிரிவுக்கு 67.8 சதவீதம். இரட்டைப்படையில் வெளியே இருந்தால் சமமாகப் பிரியாது, ஒற்றைப்படையில் இருந்தால் முடிந்த அளவு சமமாகப் பிரியும் என்பது ஆட்டக்காரர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளும் பாடம்.

வாய்ப்புகளை வரிசைப்படுத்துவது அடுத்த பாடம். கடைசி ஒரு சுற்றை வெல்ல உங்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, வெளியே இருக்கும் 6 சீட்டுகள் 3–3ஆகப் பிரிந்திருப்பது, 35.5 சதவீதம். மற்றொன்று, ராஜா நமக்கு வசதியான பக்கத்தில் இருப்பது, 50 சதவீதம். பெரியதை மட்டும் நம்பினால் பாதி வாய்ப்பு. முதல் வழியை ஆபத்தில்லாமல் சோதித்துப் பார்த்து, அது பலிக்காதபோது மட்டும் இரண்டாவதற்குப் போனால் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய 68 சதவீதம். வரிசையை மாற்றினால், ராஜாவை நம்பிய வழி தோற்கும்போதே ஆட்டம் கைவிட்டுப் போகலாம்.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. டம்மியில் ஏஸ், ராஜா, 10 உட்பட ஐந்து சீட்டுகள். உங்கள் கையில் அதே சின்னத்தில் நான்கு சிறியவை. ராணியும் ஜாக்கியும் வெளியே இருக்கும் நான்கில் அடக்கம். ஏஸைப் போட்டதும் வலப்பக்க எதிராளி ராணியைப் போடுகிறார். ஜாக்கி எங்கே? அவரிடம் ராணி மட்டும் தனியாக இருந்திருக்கலாம். ராணியும் ஜாக்கியும் சேர்ந்தும் இருந்திருக்கலாம். முதலாவதற்கு 6.2 சதவீதம், இரண்டாவதற்கு 6.8. இரண்டாவதே சற்று அதிகம் என்று தோன்றும். ஆனால் இரண்டும் அவரிடம் இருந்தால் பாதி தடவை ஜாக்கியைத்தானே போட்டிருப்பார்? ஆகவே 6.8ஐப் பாதியாக்க வேண்டும், 3.4. தனி ராணிக்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு வாய்ப்பு. அடுத்த முறை டம்மியின் ராஜாவை எடுக்காமல் 10ஐப் போடுவதே அறிவு.

1990இல் அமெரிக்காவில் மூன்று கதவுகளில் ஒன்றின் பின்னால் கார் இருக்கும் ‘மான்டி ஹால்’ புதிர் பெரும் விவாதமானபோது கணிதம் படித்தவர்களே தடுமாறினார்கள். அதே தர்க்கத்தைப் பிரிட்ஜ் நிபுணர் டெரன்ஸ் ரீஸ் 1958லேயே தம் நூலில் விளக்கியிருந்தார்.

சீட்டைக் கலைப்பதிலும் அறிவியல் உண்டு. கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று விழவைத்துக் கலைத்தால், நன்றாகக் கலைய ஏழு முறை வேண்டும் என்று 1992இல் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் நிறுவினார்கள். போட்டிகளில் கணினி சீட்டுக் கலைக்கத் தொடங்கியபோது, சீட்டுகள் தாறுமாறாகப் பிரிகின்றன என்று ஆட்டக்காரர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். உண்மையில் தாறுமாறுதான் இயல்பு. அதுவரை கையால் அரைகுறையாகக் கலைத்ததே கோளாறு.

கணினிக்கு எட்டாத பாதி

சதுரங்கத்தில் 1997லும் ‘கோ’ ஆட்டத்தில் 2016லும் உலக வீரர்களைக் கணினி வென்றுவிட்டது. பிரிட்ஜில் நிலைமை வேறு. சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் கண்முன் இருக்கின்றன. இங்கே பாதி மறைந்திருக்கிறது. அதோடு ஒரு கூட்டாளியின் மனத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். 2022 மார்ச்சில் பாரிஸில் நடந்த போட்டியில் ‘நூக்’ என்ற செயற்கை நுண்ணறிவு எட்டு உலக வாகையர்களை எதிர்கொண்டு, 80 தொகுதி ஆட்டங்களில் 67இல் அவர்களைவிடச் சிறப்பாக ஆடியது. பெரிய சாதனை. ஆனால் அந்தப் போட்டியில் ஏலம் இல்லை. சீட்டாடும் பகுதி மட்டுமே இருந்தது. கூட்டாளியோடு பேசும் பாதியை நூக் எதிர்கொள்ளவேயில்லை.

அந்தப் பேச்சில் ஒரு நெறியும் இருக்கிறது. உங்கள் ஏலத்துக்கு என்ன பொருள் என்று எதிராளி கேட்டால் உங்கள் அணி மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இரகசியக் குறியீடு குற்றம். சாடையைத் தடுக்க 1975இல் உலகப் போட்டியில் கூட்டாளிகளுக்கு நடுவே திரையே வைத்துவிட்டார்கள். அப்படியும் 2015இல் நார்வே வீரர் போயே ப்ரோகெலான், போட்டிக் காணொளிகளை ஆராயச் செய்து சில முன்னணி இணைகளின் கள்ளச் சைகைகளை வெளிக்கொணர்ந்தார். சீட்டை மேசையில் நேராக வைப்பதா, படுக்கையாக வைப்பதா என்பதிலேயே ஓர் இணை செய்தி அனுப்பியது தெரியவந்தது. அறிவை எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், ஏமாற்றக் கூடாது என்ற எல்லையை இந்த ஆட்டம் தெளிவாகக் கோடிட்டுக் காட்டுகிறது.

அதிர்ஷ்டத்துக்கும் கடிவாளம் உண்டு. பெரிய போட்டிகளில் ஒரே சீட்டுப் பிரிவைப் பல மேசைகளிலும் ஆடவைப்பார்கள். உங்களுக்கு மோசமான கை வந்தால், மற்ற மேசையில் உங்கள் இடத்தில் இருப்பவருக்கும் அதே கைதான். அவரைவிட நீங்கள் எப்படி ஆடினீர்கள் என்பதே மதிப்பெண். சூதாட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் இங்கே தெரிகிறது.

நம் வீட்டு மேசைக்கு

கூட்டாளியோடு ஆடும் ஆட்டம் தமிழருக்குப் புதிதல்ல. ஈழத்தமிழர் ‘304’ஐத் தலைமுறைகளாக ஆடிவருகிறார்கள். 32 சீட்டுகள், ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என ஒரு சின்னத்துக்கு 76, நான்குக்கும் சேர்த்து 304. கேரளத்தின் ‘28’ அதன் நெருங்கிய உறவு. இவற்றில் பழகியவருக்குப் பிரிட்ஜின் பாதி ஏற்கெனவே தெரியும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மினி பிரிட்ஜ் என்ற எளிய வடிவம் இருக்கிறது. ஏலம் கிடையாது. நால்வரும் தங்கள் புள்ளிகளைச் சொல்கிறார்கள். கூடுதல் புள்ளி உள்ள அணியில் அதிகம் வைத்திருப்பவர், டம்மியைப் பார்த்த பிறகு துருப்பையும் இலக்கையும் அறிவித்து ஆடுகிறார். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரே மாலையில் இதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். சீட்டுகளை எண்ணுவதும் விழுந்ததை நினைவில் வைப்பதும் பழகிய பிறகு ஏலத்துக்குப் போகலாம்.

நிகழ்தகவுப் பாடத்தில் நம் பிள்ளைகள் சீட்டுக்கட்டைக் காகிதத்தில் மட்டுமே பார்க்கிறார்கள். பள்ளிக் கணித மன்றங்கள் அதை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். ஆசிரியர்களும் பெற்றோரும் தயங்காமல் முன்வர வேண்டும். ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் எந்நாளும் தளர்த்தக் கூடாது: பணம் மேசைக்கு வரவே கூடாது. நான்கு பேரும் ஒரு கட்டுச் சீட்டும் போதும். இந்த விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.