வேண்டாத மூலங்கள்

ஒரு சதுரத்தின் பரப்போடு அதன் பக்கத்தின் பத்து மடங்கைச் சேர்த்தால் 39 ஆகிறது. பக்கம் எவ்வளவு? கி.பி. 820-ஐ ஒட்டி, கலீபா அல்-மாமூன் ஆட்சியில், பாக்தாதில் அல்-குவாரிசுமி எழுதிய இயற்கணித நூலில் உள்ள கணக்கு இது. அந்நூலில் கூட்டற்குறி இல்லை, சமக்குறி இல்லை. எண்களும் சொற்களாகவே எழுதப்பட்டன. பக்கத்தை 'ப' எனக் கொண்டு ப² + 10ப = 39 என்று நாம் ஒரு வரியில் முடிப்பதை அவர் முழுமுழுத் தொடர்களில் விளக்கினார்.

அவர் காட்டிய வழிகளுள் ஒன்று கண்ணுக்கே விருந்தானது. பக்கம் ப கொண்ட சதுரத்தை வரைக. பத்து மடங்கை இரண்டு ஐந்துகளாகப் பகுத்து, நீளம் ப, அகலம் 5 உடைய இரு செவ்வகங்களைச் சதுரத்தின் அடுத்தடுத்த பக்கங்களில் பொருத்துக. மூன்றும் சேர்ந்த பரப்பு 39. உருவம் இன்னும் நிறைவுறவில்லை. ஒரு மூலை வெறுமையாக நிற்கிறது. ஆனால் அம்மூலையின் அளவு நமக்குத் தெரியும்: ஐந்துக்கு ஐந்து, பரப்பு 25. அதை நிரப்பியதும் பெருஞ்சதுரத்தின் பரப்பு 64, பக்கம் 8. ஐந்தைக் கழிக்க, ப = 3. சரிபார்ப்போம்: 9 + 30 = 39.

இம்முறையின் உயிர்நிலை அந்த வெற்று மூலையில் உள்ளது. அறியாத அளவைக் கொண்டு எழுப்பிய உருவத்தில், குறைபட்டு நின்ற பகுதி மட்டும் அறிந்த எண்ணாக அமைந்துவிடுகிறது. இருபடிச் சமன்பாட்டின் வாய்பாட்டை உருப்போடும் மாணவர் ஒவ்வொருவர்க்கும் இப்படத்தை ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வாய்பாட்டின் ஒவ்வோர் உறுப்பும் எங்கிருந்து வந்தது என்பது அதில் வெளிப்படையாகத் தெரியும்.

படம் காட்டாத ஒன்றும் உண்டு. −13 என்னும் எண்ணும் அதே சமன்பாட்டை நிறைவு செய்கிறது: 169 − 130 = 39. அல்-குவாரிசுமி அதைக் கொள்ளவில்லை; சுழியினும் குறைந்த நீளமுடைய பக்கத்தை எவரும் வரைய இயலாது. சமன்பாட்டை நிறைவு செய்யும் எண்களான மூலங்கள் இரண்டும் மிகை எண்களாயின் இரண்டையும் அவர் ஏற்றார்; ப² + 21 = 10ப என்பதற்கு 3, 7 என இரு விடைகளும் தந்தார். குறை எண்களைக் கடனாகக் கருதி அவற்றுக்குக் கூட்டல், பெருக்கல் நெறிகளை இந்தியாவின் பிரமகுப்தர் 628-லேயே வகுத்திருந்தார். ஆயினும் அவ்வெண்கள் எங்கும் எளிதில் இடம்பெறப் பல நூற்றாண்டுகள் ஆயின.

வேண்டாத எண்ணைத் தள்ளிவிட்டுக் கடந்துசெல்ல இருபடிச் சமன்பாடு இடங்கொடுத்தது. முப்படிச் சமன்பாடு கொடுக்கவில்லை. இத்தாலியில் தெல் பெர்ரோவும் தார்தாலியாவும் தனித்தனியே கண்டறிந்த தீர்வுமுறையைக் கார்டானோ 1545-இல் நூலாக வெளியிட்டார். அம்முறையை ப³ = 15ப + 4 என்பதற்குப் பொருத்திப் பாருங்கள். 4 ஒரு மூலம் என்பது பார்த்தவுடன் விளங்கும்: 64 = 60 + 4. வாய்பாடோ 2 + √−121, 2 − √−121 ஆகியவற்றின் முப்படி மூலங்களைக் கூட்டச் சொல்கிறது. எந்த மெய்யெண்ணையும் தன்னால் பெருக்கினால் −121 வாராது. 'விடை இல்லை' என்று கைவிடவும் முடியாது. விடை கண்முன் நிற்கிறது.

சதுப்பு நிலங்களில் நீர்வடிக்கும் பணி செய்த பொறியாளர் பொம்பெல்லி 1572-இல் இம்முடிச்சை அவிழ்த்தார். √−1 என்பதையும் ஓர் எண்ணாகவே கொண்டு, அதற்குரிய பெருக்கல் நெறிகளை வகுத்தார். 2 + √−1 என்பதை மும்முறை பெருக்கினால் 2 + 11√−1 கிடைக்கிறது. 11√−1 என்பது √−121-தான். ஆகவே முதல் முப்படி மூலம் 2 + √−1, மற்றது 2 − √−1. கூட்டும்போது √−1 நீங்கி, 4 எஞ்சுகிறது. இயற்கணித வரலாற்றில் இதனினும் துணிவான கணக்கை நான் அறியேன். பொருள் விளங்காத எண்ணையும் நெறி பிறழாமல் கையாண்டு, ஐயத்துக்கிடமற்ற விடையை அவர் அடைந்தார்.

எஞ்சிய மூலங்கள் −2 + √3, −2 − √3. இரண்டும் குறை எண்களே. குறை எண்களையும் √−1 கலந்த கலப்பெண்களையும் ஏற்றபின், முப்படிச் சமன்பாட்டுக்கு மூன்று, நாற்படிக்கு நான்கு என ஒவ்வொன்றுக்கும் படியளவே மூலங்கள் அமைகின்றன. ஒரே மூலம் மீண்டும் வருமாயின் அத்தனை முறை எண்ண வேண்டும். கணிதவியலாளர் காசு (Gauss) 1799-இல் தம் ஆய்வேட்டில் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

மூலங்கள் உண்டு என்பதால் அவற்றை எழுதும் வாய்பாடும் உண்டு என்று கொள்ளலாகாது. ஐந்தாம்படிப் பொதுச் சமன்பாட்டை நாற்செயல்களாலும் மூலக்குறிகளாலும் தீர்க்க இயலாது என்று நார்வேயின் ஏபெல் 1824-இல் மெய்ப்பித்தார். ப⁵ − ப − 1 = 0 என்பது அத்தகையது. அதற்கு மெய்யெண் மூலம் ஒன்று, கலப்பெண் மூலங்கள் நான்கு. மெய்யெண் மூலத்தின் தோராய மதிப்பு 1.1673; வேண்டிய அளவுக்குப் பதின்ம இலக்கங்களைக் கணித்துக்கொண்டே போகலாம்.